ஒன்லைன் கடைக்கு ஒரு செக்ரோல்

பேராண்டி, நீ கடை போடப்போற சங்கதி கெப்பெட்டிபொல சந்தையில மூட்டை இறக்குறவங்க வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. எங்கடா கடைன்னு கேட்டா "ஒன்லைன்ல"ன்னு சொல்றியாம். ரொம்ப சந்தோஷம். வாடகை இல்ல, கதவு இல்ல, பூட்டு இல்ல, ராத்திரிக் காவலுக்கு ஆள் வேணாம். இப்படிக் கதவே இல்லாத கடைக்கு நாலரை லட்சம் வேணும்னு ஒரு கணக்கை எழுதி உங்கம்மாகிட்ட நீட்டியிருக்க. அவ அதைக் கொண்டாந்து, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு என் முன்னால வச்சுட்டுப் போயிட்டா. காலம் பூரா தோட்டத்துல ஆள்பேர் பதியிற செக்ரோல் எழுதுன ஆளுக்கு அடுத்தவன் கணக்கை நோண்டுறதைவிட வேற என்ன சுகம் இருக்கு? கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்.

நீ எழுதியிருக்கிறது இது. வெப்சைட் செய்ய 1,50,000. கேமராவும் லைட்டும் 1,10,000. கடை பேர் அச்சடிச்ச பெட்டி ஆயிரம், ஒண்ணு 85 ரூபா வீதம் 85,000. பேஸ்புக் விளம்பரம் 50,000. லோகோ 25,000. திறப்பு விழாவுக்குக் கேக்கும் சாப்பாடும் 10,000. கடைசியா, பக்கத்தோட அடியில இடம் பத்தாம நெருக்கி ஒரு வரி: தேயிலை, 20,000.

தேயிலை விக்கிற கடையில தேயிலை கடைசியில நிக்கிறதை நான் குத்தம் சொல்லல. அதுக்கும் ஒரு தைரியம் வேணும். ஆனா கணக்குன்னு இருந்தா கூட்டிக் கழிச்சுப் பாக்கணுமில்ல? 250 கிராம் பக்கெட் 500 ரூபாவுக்கு உனக்குக் கிடைக்குதுன்னே வச்சுக்குவோம். இருபதாயிரத்துக்கு நாப்பது பக்கெட். பெட்டிக்கு மூணு பக்கெட்னு அடுக்குனா பதிமூணு பெட்டி நிறையும், ஒரு பக்கெட் மிஞ்சும். மிஞ்சினதை எனக்குக் குடுத்துடு. பாக்கி 987 வெறும் பெட்டியை எங்க வைப்ப? நம்ம லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னெண்டடி. பெட்டியை உள்ள அடுக்கிட்டு நாம எல்லாரும் பீலிக்கரையில போய்ப் படுத்துக்க வேண்டியதுதான். அப்புறம் அந்தத் திறப்பு விழா. ஒன்லைன் கடைக்கு ரிப்பனை எந்தப் பக்கம் கட்டுவன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு, வேட்டி கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் வந்து நிக்கிறேன்.

லோகோவுக்கு வருவோம். 2024 செப்டம்பர்ல தோட்டத்து நாள் சம்பளம் 1350 ரூபான்னு வர்த்தமானி வந்துச்சு. அதுல நூத்துக்கு எட்டு சேமலாப நிதிக்குப் போனா கையில நிக்கிறது 1242. அந்தக் கணக்குல உங்கம்மா இருபது நாள் மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தா 24,840. லோகோவுக்கு இன்னும் 160 ரூபா குறையுது. அந்த லோகோவையும் பாத்தேன். ரெண்டு இலை, நடுவுல ஒரு மொட்டு. உங்கம்மா தினம் நுள்ளிக் கூடையில போட்டது அதைத்தான். அவகிட்டயே கேட்டிருந்தா சும்மா வரைஞ்சு குடுத்திருப்பா.

பேங்க்ல கடன் கேக்கலாமேன்னு உன் சிநேகிதன் ஒருத்தன் சொன்னானாம். கேளு, கேக்குறதுக்கு என்ன செலவு? ஈடு என்ன தம்பின்னு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்குறவர் கேப்பார். நாம பரம்பரை பரம்பரையாக் குடியிருக்கிற காம்பராவுக்கு உறுதி நம்ம பேர்ல இல்ல. எழுபதுகள்ல தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல நிர்வாகத்தைக் கம்பனிக்காரங்க கையில குடுத்துச்சு. அத்தனை கை மாறியும் நம்ம கைக்கு அந்தக் கடுதாசி வரல. அதனால ஈடுன்னு நம்மகிட்ட இருக்கிறது உங்கம்மா கழுத்துல கிடக்கிறதும், அவ பேர்ல சேந்திருக்கிற சேமலாப நிதியும்தான். அவ பங்கு எட்டு, தோட்டத்துப் பங்கு பன்னெண்டுன்னு மாசாமாசம் சேந்த காசு. பொம்பளைக்கு 50 வயசானா, வேலையை விட்டு நின்னு எடுக்கலாம். அவளுக்கு 50 ஆச்சு. வேலையை விட்டும் நின்னுட்டா. நீ கணக்கு எழுதுனதும் அதே மாசம். தேதிப் பொருத்தம் நல்லாத்தான் பாத்திருக்க.

கேமராவை மட்டும் கிரெடிட் கார்டுல தவணைக்கு எடுக்கலாம்னு ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்க. உனக்கு ஒரு பழைய கதை சொல்றேன். நம்ம முப்பாட்டன் காலத்துல ஆளோட கடனை எழுதின துண்டுக் கடுதாசி கங்காணி கையில இருக்கும். அந்தத் துண்டுல இருக்கிற காசைத் தீர்க்காம ஆளு அடுத்த தோட்டத்துல பேர் பதிய முடியாது. ஒரு கங்காணிகிட்ட இருந்து இன்னொரு கங்காணிக்குக் கடன்தான் கைமாறும், அதுக்குப் பின்னால ஆளு நடந்து போவான். 1921ல சட்டம் போட்டு அந்தத் துண்டை ஒழிச்சாங்க. நூறு வருஷம் கழிச்சு நீயாத் தேடிப்போய், சிரிச்ச முகத்தோட கையெழுத்துப் போட்டு, பன்னெண்டு மாசத்துக்கு ஒரு துண்டு வாங்கிட்டு வர்றேங்குற. அந்தக் காலத்துல கங்காணியாவது வந்து கூப்பிட்டான்.

முதல் பக்கத்துல "லிப்டன் துரை மாதிரி வரணும்"னு ஒரு வாசகம் எழுதியிருக்க. அதைப் படிச்சதும் எனக்கு உன்மேல ஒரு மதிப்பே வந்துருச்சு. ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன் சீட்டுக்குப் போறவன் எல்லாம் அவர் சிலை பக்கத்துல உக்காந்து போட்டோ எடுக்குறான். அந்த மனுஷன் எந்தச் செலவை முதல்ல செஞ்சார், எதைப் பின்னால செஞ்சார்னு எவனும் கேக்குறதில்ல. நீ கேளு.

1871ல கிளாஸ்கோவுல ஸ்டாப்கிராஸ் தெருவுல ஒரு மளிகைக் கடை வச்சார். பன்னி இறைச்சி, வெண்ணெய், முட்டை, இதுதான் யாவாரம். தேயிலைப் பேச்சே கிடையாது. ஒரு கடை ரெண்டாகி, ரெண்டு பத்தாகி, பிரிட்டன் பூரா அவர் பலகை தொங்குன பிற்பாடுதான் 1890ல கப்பல் ஏறி நம்ம பக்கம் வந்தார். கோப்பி நோயில விழுந்து, தோட்டங்க மலிஞ்சு கிடந்த காலம் அது. தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். நடுவுல இருக்கிற தரகர் யாரும் வேணாம், தோட்டத்துல இருந்து நேராக் கேத்தலுக்குன்னு சொல்லி, சின்னச் சின்னப் பக்கெட்ல போட்டு வித்தார். நீ இப்ப ஒன்லைன்ல செய்யணும்னு துடிக்கிறதும் அதைத்தான். ஆனா அவர் வாங்குற சனத்தைப் பத்தொன்பது வருஷமா கடைகடையாச் சேத்து வச்சுட்டு, அப்புறம் மலையை வாங்கினார். நீ வெப்சைட்டை வாங்கிட்டு சனத்தைத் தேடப் போற.

அவர் விளம்பரத்தையும் கேட்டுக்க. 1881 கிறிஸ்மஸ் சமயத்துல அமெரிக்காவுல இருந்து ராட்சச சீஸ் கட்டி ஒண்ணைக் கப்பல்ல வரவழைச்சு, ஊரே வேடிக்கை பாக்கக் கடைக்குக் கொண்டாந்தார். உள்ள தங்கக் காசு பொதிஞ்சிருக்குன்னு சொல்லி வெட்டி வித்தார். சனம் அடிச்சுப் புடிச்சு வாங்கித் தீத்துருச்சு. தங்கக் காசுன்னதும் உனக்கு வாய் பிளந்துக்கும். அதை விடு, விளம்பரத்துக்கு வச்ச பொருளே விலைக்குப் போயிருச்சே, அதைப் பாரு. நீ போன மாசம் பேஸ்புக்ல சும்மா ஒத்திகைக்குன்னு காசு கட்டிப் போட்ட படத்தையும் நான் பாத்தேன். லைக் போட்டது உன் மச்சான், உன் மச்சானோட மச்சான், கட்டார்ல இருக்குற உன் சித்தப்பன், அப்புறம் நான். நாலு பேருமே ஓசியில தேயிலை கேக்குற ஆளுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாலரை லட்சத்துக் கணக்குல கொரியர்னு ஒரு வரி இல்ல. திரும்பி வர்ற பார்சல்னு ஒரு வரி இல்ல. டவுனுக்குப் போய் வர்ற பஸ் காசு இல்ல. தராசுகூட இல்ல. கடை தொறக்குற அன்னைக்கு வரைக்கும் வர்ற செலவை ஒண்ணு விடாம எழுதியிருக்க. மறுநாள் விடியும்னு மட்டும் உனக்கு யாரும் சொல்லல போல.

ஒரே ஒரு பார்சலை எடுத்துக்குவோம். மூணு பக்கெட், முக்கா கிலோ. பெட்டி, டேப், லேபிள், உள்ள வைக்கிற கடுதாசி எல்லாம் சேந்து ஒரு கிலோவுக்குள்ள நிக்கணும். முதல் கிலோவுக்கு ஒரு கூலி, அதுக்கு மேல ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கூலின்னுதான் கொரியர்காரன் போடுவான். ஒரு கிலோ இருபது கிராம் வந்தா அந்த இருபது கிராமுக்கும் ரெண்டாவது கிலோ கூலி. கொழுந்து மடுவத்துல கூடைக்குக் கொஞ்சம், இலையில ஒட்டுன தண்ணிக்குக் கொஞ்சம்னு நிறையில கழிச்சப்ப நாம போட்ட சண்டை கொஞ்சமா? அந்தச் சண்டை நடந்த குடும்பத்துல பொறந்துட்டு நீ தராசு இல்லாமக் கடை தொறக்குற.

அந்தப் பார்சலை எங்க அனுப்புனாலும் கூலியோட சேத்து 2500 ரூபான்னு வை. தேயிலை 1500, பெட்டியும் டேப்பும் 100, கொரியர் 400. போனா 500 லாபம். பத்து பார்சலுக்கு ஐயாயிரம். இதோட நீ கொப்பியை மூடிட்ட. மூடாத. வீட்டுக்கு வந்ததும் காசு குடுக்குற முறையிலதான் நம்ம நாட்டுல நிறையப் பேர் வாங்குறாங்க. காசு முன்னால குடுக்காதவனுக்கு மனசு மாற எவ்வளவு நேரம் ஆகும்? ஒருத்தன் போன் எடுக்க மாட்டான். இன்னொருத்தன் "நான் ஓடர் பண்ணவே இல்லையே, சின்னப்புள்ள போனை நோண்டிருச்சு"ம்பான். பத்துல ரெண்டு திரும்புதுன்னு வச்சுக்குவோம். போன கூலி 400, திரும்பி வந்த கூலி ஒரு 200, நசுங்கின பெட்டி 100, ஆக ஒண்ணுக்கு 700 நட்டம், ரெண்டுக்கு 1400. போய்ச் சேந்த எட்டுல வந்த லாபம் 4000. கழிச்சா 2600. ஒரு ஓடர் பிடிக்க விளம்பரத்துல 250 ரூபா செலவாச்சுன்னா பத்துக்கு 2500. மிச்சம் நூறு ரூபா. வெளிமடை பஸ் ஸ்டாண்டுல ஒரு பிளேன்டியும் ஒரு வடையும் சாப்பிடலாம். கூட யாரையும் கூட்டிட்டுப் போகாத.

நான் போட்ட தொகை எல்லாம் கணக்குக்குப் போட்டது. நீ நாலு கொரியர்காரன்கிட்ட நேர்ல கேட்டு, வாயால சொன்னதை நம்பாம எழுதி வாங்கி, உன் தொகையைப் போட்டுப் பாரு. தொகை மாறும், அடி மாறாது. திரும்புற பார்சலைக் குறைச்சாதான் இதுல பொழைப்பு. பார்சல் கட்டுறதுக்கு முன்னால வாங்குறவங்களுக்கு ஒரு போன் போடு. "அக்கா, நாளைக்கு அனுப்புறேன், வீட்டுல இருப்பீங்களா"ன்னு கேக்குறதுல உன் கௌரவம் ஒண்ணும் குறையாது. முதல் தடவை வாங்குறவங்ககிட்ட கொரியர் காசை மட்டுமாவது முன்னால பேங்க்ல போடச் சொல்லு. அந்த 400 போட்டவன் திருப்பி அனுப்ப மாட்டான். போட்டேன்னு சொல்லி சிலிப்பைப் படம் பிடிச்சு அனுப்புனா, அந்தப் படத்தை நம்பிக் கட்டாத. உன் வயசுப் பொடியன்க போன்லயே எந்த பேங்க் சிலிப்பை வேணும்னாலும் செஞ்சுடுறானுங்க. உன் கணக்குக்குக் காசு வந்துச்சுன்னு பேங்க்ல இருந்து மெசேஜ் வரணும், அப்புறம் டேப்பைக் கையில எடு. கார்டுல கட்டுறவனுக்கும் வழி வை, நூத்துக்கு மூணு ரூபா சுத்தி அவங்க எடுத்துக்குவாங்க, 2500க்கு ஒரு 75. திரும்பி வந்த பார்சலோட 700ஐ நெனைச்சா அது ஒண்ணுமே இல்ல.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. நட்டத்துல விழுந்த கடையை எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். லாபத்துல ஓடிக்கிட்டே விழுந்த கடையைப் பாத்திருக்கியா? வீட்டு வாசல்ல வாங்குன காசைக் கொரியர்காரன் அன்னைக்கே உனக்குத் தரமாட்டான். பார்சல் போய்ச் சேர ஒரு வாரம், அவன் கணக்கு முடிச்சு உனக்குப் போட இன்னொரு வாரம்னு வை. ஒரு நாளைக்கு அஞ்சு பார்சல், கொரியர் கூலி போக ஒண்ணுல உன் கைக்காசு 1600. தினம் எட்டாயிரம் வெளிய போகுது. முதல் ரூபா உள்ள வர்றதுக்குள்ள பதினாலு நாள் போயிருது, 1,12,000 ரூபா ரோட்டுல நிக்குது. யாவாரம் ரெட்டிப்பாச்சுன்னு நீ குதிக்கிறப்போ ரோட்டுல நிக்கிறது 2,24,000. ஓடர் வந்து குவியுது, தேயிலை வாங்கக் காசில்ல. அப்பதான் உங்கம்மா கழுத்தைப் பாப்ப.

அதனாலதான் சொல்றேன், இந்தப் பொருளுக்கு இவ்வளவுன்னு எழுதுன கணக்கைக் கிழிச்சுப் போடு. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி செக்ரோல் மாதிரி கோடு போடு. மேல திகதி, கீழ வரிசையாப் பேரு. தேயிலைக்காரனுக்கு எந்தத் திகதியில காசு போகுது, கொரியர்காரன் எந்தத் திகதியில காசு போடுறான், அந்த நாள்ல கையில எவ்வளவு நிக்குது. செக்ரோல்ல நாளைக்கு வரப்போற ஆளுக்கு இன்னைக்குப் பேர் போட முடியாது. போட்டா கணக்கப்பிள்ளைக்கு வேலை போயிரும். உன் கணக்குல அடுத்த மாசம் வரப்போற நூறு ஓடருக்கு இப்பவே பேர் போட்டு வச்சிருக்க.

வெப்சைட்டுக்கு மாசா மாசம் டொலர்ல சந்தா கட்டணும்னு சொன்ன. மாசம் 39 டொலர்னு வை. 2022 தொடக்கத்துல டொலர் 200 சுத்தி நின்னுச்சு, 7800 ரூபா. அதே வருஷம் மே மாசம் 360க்கு ஏறுனப்ப அதே சந்தா 14,040. கடையில ஒரு இலைகூடக் கூட விக்கல, சந்தா மட்டும் ஏறிப்போச்சு. பேஸ்புக் விளம்பரமும் அந்தப் பக்கத்துக் காசுதான். ரூபாவுல சம்பாரிச்சு டொலர்ல செலவு பண்றவன் அந்த வரியில தாராளமா ஒரு பங்கு கூட்டியே எழுதணும். வெப்சைட் பேருக்கு .lk எடுக்கலாம், அது நல்லதுதான். தமிழ்லயே .இலங்கைன்னு முடியிற பேரும் 2010ல இருந்து இருக்கு. ஆசையா இருந்தா எடுத்துக்க, சின்னச் செலவு.

உன் வெப்சைட் படத்தை டவுன்ல பாத்தா ஜோராத்தான் இருக்கு. பனிமூட்டம் நகருது, குருவி கத்துது, கொழுந்துல இருந்து தண்ணி சொட்டுது. நம்ம லயத்துல சிக்னல் ரெண்டு கோடு வந்தாலே பெருசு, அதுல குருவி மட்டும்தான் கத்துது, மத்தது வரவே இல்ல. லண்டன்ல 1999 நவம்பர்ல பூ டொட் கொம்னு உடுப்பு விக்க ஒரு ஒன்லைன் கடை தொறந்தாங்க. உன்னை மாதிரியே படம் ஆடி ஓடுற கடை. அந்தக் காலத்து டெலிபோன் இன்டர்நெட்ல அது தொறக்குறதுக்குள்ள வாங்க வந்தவன் தூங்கிப்போனான். 2000 மே மாசம் மூடுனாங்க. போன காசு 13 கோடி டொலருக்கும் மேல. அந்தக் கடை தொறக்குறதுக்கு நாலு வருஷம் முந்தி, 1995ல அமேசான் கடையைத் தொறந்த ஆளு, மேசை விலை அதிகம்னு கதவுப் பலகையை வாங்கிக் கால் அடிச்சு மேசையாப் போட்டுக்கிட்டார். நீ மேசை வாங்கல, சரி. ஆனா மேசைக் காசையும் சேத்து லைட்டுல போட்டிருக்க. உன் போன்ல இருக்குற கேமராவும், காலையில எட்டு மணிக்குத் தொங்கல் வாசல்ல அடிக்கிற வெயிலும் போதும்டா.

விலாசம் ஒண்ணு வேணும். இதை நீ யோசிக்கவே இல்ல. லயத்துல இருக்குறவனுக்குக் கடுதாசி வந்தா தோட்டத்து ஒபிசுக்கு வரும். அங்க கிடந்து, யாராவது கண்ணுல பட்டு, கைமாறிக் கைமாறி நம்ம வாசலுக்கு வரும். வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கடுதாசி தேர்வு முடிஞ்சு வந்த கதை நம்ம தொங்கல்லயே உண்டு. திரும்பி வர்ற உன் பார்சல் எங்க இறங்கும்? லேபிள்ல யாரோட விலாசத்தைப் போடுவ? வெளிமடை டவுன்ல தெரிஞ்ச முதலாளி ஒருத்தர்கிட்ட கேட்டு, அவர் கடையில ஒரு ராக்கைக்கு மாச வாடகை பேசு. கொரியர்காரனும் நுவரெலியா–பதுளை ரோட்டை விட்டு நம்ம மலைக்கு ஏற மாட்டான். பிரதேச செயலகத்துல வியாபாரப் பேர் பதியிறதுக்கும் இடம் எதுன்னு கேப்பாங்க, கிராம உத்தியோகத்தர் அதைப் பாத்துக் கையெழுத்து வைக்கணும். பதிவுக்கு ஆகுற காசு உன் கேக்கைவிடக் கம்மி. வெளிநாட்டுக்கு அனுப்புறதா இருந்தா தேயிலைச் சபைப் பதிவு வேணும், அது தனிக் கதை. கட்டார் சித்தப்பன் கேக்குறான்னு அதை இப்பவே தொடாத.

சரக்கு வாங்குறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, அதை மட்டும் நான் சும்மா சொல்லித் தர்றேன். ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற வறண்ட காத்துல நம்ம ஊவாத் தேயிலைக்கு ஒரு வாசம் ஏறும், வாயில வச்சா லேசாக் குளுகுளுன்னு இருக்கும். கொழும்பு ஏலத்துல அந்த மாசத்து இலைக்குன்னே காத்திருந்து வாங்குற ஆளுங்க இருக்காங்க. நீயும் அப்ப வாங்கணும். அப்படின்னா உன் கையில காசு இருக்க வேண்டியது ஓகஸ்ட்ல. நீ தைப்பொங்கலுக்குக் கடை தொறந்து, சித்திரைக்குள்ள காசைத் தீத்துட்டு, வாசமான இலை வர்ற நேரத்துல வெறுங்கையோட தேயிலை ஸ்டோர் வாசல்ல மோந்து பாத்துக்கிட்டு நிப்ப.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப நம்ம மலையில ரோடும் ரயில் பாதையும் எத்தனை இடத்துல அறுந்துச்சுன்னு நீயே பாத்த. பார்சல் போகல, பார்சலுக்குள்ள இருந்த காசும் வரல. சந்தாக்காரன் மட்டும் திகதி தவறாம எடுத்துக்குவான். யாவாரமே நடக்காத மூணு மாசத்துச் செலவை ஒருத்தன் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலன்னா அவன் மலைநாட்டுல கடை போடக் கூடாது. நான் கண்டிப்பாச் சொல்றது இது ஒண்ணைத்தான், மத்ததெல்லாம் கேலி.

சரி, என் கணக்கைக் கேட்டுக்க. தேயிலைக்கு 45,000, முப்பது பார்சலுக்கு ஆகும். மொட்டைப் பெட்டி, ஸ்டிக்கர், டேப் எல்லாம் ஐயாயிரம். லேபிள்ல எடை, விலை, காலாவதித் திகதி, உன் விலாசம் தெளிவா இருந்தாப் போதும், மினுக்க வேணாம். நல்ல தராசு ஒண்ணும், பதிவு, பஸ் காசும் சேத்துப் பத்தாயிரம். விளம்பரத்துக்குப் பத்தாயிரம், அதுவும் ஒரேயடியா இல்ல, ஆயிரம் ஆயிரமா. திரும்பி வர்ற பார்சலுக்குப் பத்தாயிரம். ஆக எம்பதாயிரம். ரோட்டுல நிக்கப்போற காசுக்கும், யாவாரம் இல்லாத மாசத்துக்கும் எழுபதாயிரம், அதைக் கையால தொடக் கூடாது. மொத்தம் ஒண்ணரை லட்சம். முதல் ஆறு மாசம் வெப்சைட் வேணாம், வட்ஸ்அப்ல சும்மாவே கடை வச்சுக்கலாம். மூணாவது தடவையும் உன்கிட்டயே வந்து வாங்குறவங்க முப்பது பேர் சேந்தாங்கன்னா சொல்லு, வெப்சைட் செய்யிறவன்கிட்ட நானே கூட வந்து விலை பேசுறேன். ஒண்ணரை லட்சம் சொன்னவன் எவ்வளவுக்கு இறங்குறான்னு பாரு.

உங்கம்மாகிட்ட பேசிட்டேன். ஒண்ணரை லட்சத்துக்கு அவ சம்மதிச்சாச்சு. மிச்ச மூணு லட்சத்தை அவ பேர்ல நிலையான வைப்புல போட்டாச்சு. கடுதாசி என் டிரங்குப் பெட்டியில இருக்கு, சாவி அவ முந்தானையில இருக்கு. ஏதாவது கேக்கணும்னா அவகிட்ட கேளு.